டைட்டஸ் முடி சம்பந்தமான தீர்மானம்

மனிதன் காட்டைவிட்டு நாட்டுக்கு வந்தது எந்த நாளில் என்று சரித்திரக்காரர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். நெருப்பு மூட்டிய நாள் என்கிறார் ஒருவர். சக்கரம் உருட்டிய நாள் என்கிறார் இன்னொருவர். இந்தப் பெரிய மனிதர்கள் நாகர்கோவிலில் பஸ் ஏறி, கொட்டாரம் போகும் வழியில் சீத்தாவிளையில் இறங்கி, எங்கள் சபைக் கமிட்டியைக் கேட்டிருந்தால் காகிதச் செலவாவது மிச்சமாகியிருக்கும். மனிதன் நாகரிகம் அடைந்தது, தலையில் இடது பக்கமாக வகிடு எடுத்த நாளில்.

இந்த உண்மையைக் கண்டுபிடித்தவர் எங்கள் கமிட்டித் தலைவர், பென்ஷன் சிரஸ்தார் ஜெயசிங் அவர்கள். அவருக்குக் கீழே காரியதரிசியாக இருக்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. ஜெயசிங் திருவனந்தபுரத்தில் சர்க்கார் உத்தியோகம் பார்த்து, பென்ஷனும் கைத்தடியும் வகிடுமாக ஊர் திரும்பியவர். அவருடைய வகிடு திருவனந்தபுரம் ரஸ்தாவைப் போல நேரானது. ரஸ்தாவின் இரு பக்கமும் மரங்கள் குறைவு என்பது வேறு விஷயம்.

வந்த வருஷமே அவர் 'நாகரிக விருத்தி'யில் இறங்கினார். சபையின் வாலிபர் அனைவரும் கிராப்பு வெட்டி இடது வகிடு எடுத்து ஆராதனைக்கு வர வேண்டும் என்று கமிட்டி ஏகமனதாகத் தீர்மானித்தது. சபையில் குடிக்கத் தண்ணீர்க் கிணறு இல்லை, பள்ளிக்கூடக் கூரை ஒழுகுகிறது என்றெல்லாம் சிலர் முணுமுணுத்தார்கள். தொலைநோக்கு இல்லாதவர்கள். கூரை ஒழுகினால் நனைவது தலைதானே? முதலில் தலையை ஒழுங்கு செய்ய வேண்டாமா?

சபை முழுவதும் வகிடு எடுத்தது. ஒரே ஒரு தலை மட்டும் எடுக்கவில்லை. அது டைட்டஸின் தலை.

டைட்டஸ் கொட்டாரம் அஞ்சல் ஆபீசில் குமாஸ்தா. நல்ல பையன், பாடகர் பெஞ்சில் நன்றாகப் பாடுவான், ஆனால் அவன் தலையில் முளைத்திருந்ததை முடி என்று சொல்ல எனக்குத் தைரியம் போதாது. வயல் வரப்பில் கோரை அடர்ந்திருக்குமே, அதை அப்படியே பெயர்த்து வைத்ததுபோல் இருக்கும். சீப்பு பற்களோடு உள்ளே போகும். பற்கள் இல்லாமல் வெளியே வரும். ஆபீசில் பேனாவைத் தலையில் செருகிவிட்டு, சாயங்காலம் வரை ஆபீஸ் முழுக்கத் தேடுவான். மழை பெய்தால் அவன் தோள் நனையும், கால் நனையும், தலைக்குள் ஒரு சொட்டு இறங்காது. நாகர்கோவிலில் சலூன் வைத்திருக்கும் சகாயம், டைட்டஸ் வருகிறான் என்றால் கத்திரியைக் கழுவித் துணியில் சுற்றி, "இன்னைக்குக் கடை இல்ல" என்று சொல்லிவிடுவார்.

இப்பேர்ப்பட்ட தலைக்கும் கல்யாணம் கூடியது. பெண் வேறு யாருமில்லை. தலைவர் ஜெயசிங்கின் மகள் கிரேசி. பெண்பள்ளிக்கூடத்தில் டீச்சர். டைட்டஸின் தாயார் நேசம்மாள் போய்ப் பெண் கேட்டபோது ஜெயசிங் வெகுநேரம் யோசித்துவிட்டு, "முடி மாறும், சர்க்கார் வேலை மாறாது" என்று சம்மதம் சொன்னார். எவ்வளவு பரந்த மனசு பாருங்கள்.

முதல் ஓலை வாசித்த ஞாயிற்றுக்கிழமையில்தான் வினை முளைத்தது.

எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு தொடர்ந்து கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம் நிச்சயித்திருக்கிறது, தடை சொல்ல யாராவது உண்டா என்று போதகர் கேட்பார். சீத்தாவிளை வழக்கப்படி பெயர் வாசிக்கும்போது மாப்பிள்ளை எழுந்து நிற்க வேண்டும். டைட்டஸ் எழுந்தான். கூடவே அவன் முடியும் எழுந்தது. அவனுக்கு நேர் பின்னால் கமிட்டி பெஞ்சு. பாட்டு நம்பர் எழுதிய பலகை ஜெயசிங்கின் பார்வையிலிருந்து சுத்தமாக மறைந்துபோயிற்று. அடுத்த பாட்டைப் போதகர் ஆரம்பித்ததும், தலைவர் தாமே ஊகித்த வேறொரு பாட்டைத் தம் கம்பீரமான குரலில் தனியாகப் பாடினார். இரண்டாவது சரணம் வரை யாரும் அவரைத் தடுக்கவில்லை. தடுக்க முடியுமா? தலைவர்.

அன்று மத்தியானமே அவசரக் கமிட்டி கூடியது. தலைவர் நேரே விஷயத்துக்கு வந்தார். மூன்றாம் ஓலைக்குள் டைட்டஸ் இடது வகிடு எடுத்தாக வேண்டும். எடுக்காவிட்டால் சம்பந்தம் இல்லை. கொல்லத்தில் ஒரு இன்ஷூரன்ஸ் ஏஜெண்டு தயாராக இருக்கிறார், போட்டோவே வந்துவிட்டது. தலைவர் போட்டோவை எடுத்து மேஜைமேல் வைத்தார். நாங்கள் பயபக்தியுடன் குனிந்து பார்த்தோம். கண், மூக்கு எல்லாம் சுமாராகத்தான் இருந்தன. ஆனால் அந்த வகிடு! உளி வைத்துச் செதுக்கியதுபோல் இருந்தது.

தீர்மானத்தை டைட்டஸிடம் அறிவிக்கும் பொறுப்பு காரியதரிசிக்கு வந்தது. போய்ச் சொன்னேன்.

"அண்ணே, எனக்கு கிரேசியத் தவிர வேற ஒண்ணும் வேண்டாம்" என்றான். "வகிடுதான வேணும்? தலைய ரெண்டாப் பிளந்தாவது எடுத்துருகேன்."

"பிளக்க வேண்டாம் மக்கா, சீவினாப் போதும்" என்றேன். கமிட்டி என்றைக்கும் மிதவாதமான கமிட்டி.

அந்த வாரம் டைட்டஸின் தலையில் நடந்த முயற்சிகளை விரித்தால் வைத்தியப் புத்தகம்போல் ஆகிவிடும். தேங்காயெண்ணெய் ஊற்றினார்கள், எண்ணெய் போன இடம் தெரியவில்லை. விளக்கெண்ணெய் ஊற்றினார்கள், முடி இன்னும் செழிப்பாக நிமிர்ந்தது. சீமையிலிருந்து வந்த வாசனைத் தைலம் ஒரு டப்பா முழுக்க அப்பினார்கள்; தெரு மணத்தது, வகிடு வரவில்லை. ஈரத்துணியால் தலையை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போனான். கடிதம் வாங்க வந்தவர்களெல்லாம் மண்டை உடைந்ததா என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். கட்டை அவிழ்த்ததும் முடி, பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகளைப்போல நாலாபக்கமும் பாய்ந்தது.

இந்த இக்கட்டில் கைகொடுத்தவர் எங்கள் கமிட்டிப் பொருளாளர் தேவகனி. கருப்பட்டி வியாபாரி. உலகத்தில் கருப்பட்டியால் தீராத காரியம் இல்லை என்பது அவர் கட்சி. இருமலுக்குக் கருப்பட்டி, பிரசவத்துக்குக் கருப்பட்டி, சுவர்ச் சாந்துக்குக் கருப்பட்டி.

"கருப்பட்டிப் பாகு போட்டுக் கட்டின சொவரு எனக்க அப்பன் காலத்துல உள்ளது. இன்னும் ஒரு கல்லு ஆடல்ல" என்றார் தேவகனி. "இந்தப் பயலுக்க முடி ஆடுமா? பாகு காய்ச்சுங்க."

சனிக்கிழமை சாயங்காலம் பாகு காய்ச்சியாயிற்று. நேசம்மாள் அகப்பையால் மொண்டு ஊற்ற, தேவகனி சீப்பின் முதுகால் கோடு இழுக்க, டைட்டஸ் கண்ணை மூடிக்கொண்டு ஜெபம் பண்ணினான். பாகு இறுகியது. வகிடு விழுந்தது. விரலால் தட்டினால் ணங் என்று கேட்டது.

இரண்டாம் ஞாயிறு காலையில் டைட்டஸ் கோயிலுக்குள் நுழைந்த காட்சியை மறக்க முடியாது. ஜன்னல் வெளிச்சம் பட்டுத் தலை பளபளத்தது. ஜெயசிங் மூக்குக்கண்ணாடியை மாட்டி, குனிந்து, வகிட்டின் ஆரம்பம் முதல் முடிவு வரை கண்ணாலேயே நடந்து பார்த்துவிட்டு, "கொள்ளாம்" என்றார். தேவகனி மீசையைத் தடவிக்கொண்டார். இரண்டாம் ஓலை வாசிக்கப்பட்டது. டைட்டஸ் எழுந்தான். முடி எழவில்லை.

பிரசங்கம் கொஞ்சம் நீண்டுவிட்டது. வெயில் ஏறியது. கருப்பட்டிப் பாகு சுவருக்குள் இருக்கும்போது எப்படி நடந்துகொள்ளும் என்பது தேவகனிக்குத் தெரியும். வெயிலில் வியர்க்கும் தலைமேல் எப்படி நடந்துகொள்ளும் என்பது அவருடைய அப்பாவுக்கும் தெரியாது. முதலில் ஒரு சொட்டு காதுக்குப் பின்னால் இறங்கியது. பிறகு கழுத்தில் ஓடை. எறும்பு வந்தது. ஈ வந்தது. கோயில் கோபுரத்தில் கூடு கட்டியிருந்த தேனீக்கள், இத்தனை வருஷமாக ஆராதனைக்கு எட்டிப் பார்க்காதவை, அன்று சபை சபையாக உள்ளே வந்தன. டைட்டஸ் அசையவில்லை. கன்னத்தில் கொட்டியது, அசையவில்லை. உதட்டில் கொட்டியது, அசையவில்லை. கிரேசிக்காக அவன் அப்படியே உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் இருந்த நாங்கள்தான் 'ஒழுங்காக' வெளியே ஓடினோம்.

அடுத்த கமிட்டியில் தேவகனி எழுந்து, தம்முடைய கருப்பட்டியில் கலப்படம் இல்லை என்பதற்குத் தேனீக்களே சாட்சி என்று சொல்லி உட்கார்ந்தார். அது ஏற்கப்பட்டது. பிறகு தலைவர் ஒரு கேள்வி கேட்டார். கமிட்டியின் தேவை வகிடா, டைட்டஸின் முடியா? எல்லோரும் "வகிடு" என்றோம். அப்படியானால் அந்த வகிடு டைட்டஸின் முடியில்தான் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் சொல்லியிருக்கிறது?

திருவனந்தபுரத்து மூளை என்றால் இதுதான். டைட்டஸுக்கு ஒரு டோப்பா, அதாவது பொய்முடி, வாங்கி மாட்டுவது என்று தீர்மானமாயிற்று.

நாடகக் கம்பெனிகளுக்கு வேஷச் சாமான் வாடகைக்கு விடும் பகவதியப்பன் வடசேரியில் இருக்கிறார். நானும் டைட்டஸும் போனோம். சுவர் முழுக்க டோப்பா. முனிவர் ஜடை, ராணி கூந்தல், அரக்கன் சடை, எல்லாம் ஆணியில் தொங்கின. உடம்பில்லாத சபை ஒன்று கூடியிருப்பதுபோல் இருந்தது. எங்கள் கமிட்டி நினைவுக்கு வந்தது, எதற்கென்று தெரியவில்லை.

"என்ன வேஷம்?" என்றார் பகவதியப்பன்.

"மாப்பிள்ளை வேஷம்" என்றேன்.

"எந்த நாடகத்துல?"

"நாடகம் இல்ல வேய். நெசக் கல்யாணம்."

அவர் டைட்டஸின் தலையை ஏற இறங்கப் பார்த்தார். "இவருக்கா? ஓய், இந்தத் தலைய எனக்குத் தந்தா நாலு அரக்கனுக்கு டோப்பா கட்டுவேனே. உள்ளவன் இல்லாதவன்கிட்ட இரக்க வந்தமாதிரில்லா இருக்கு."

வகிடு வேண்டும் என்று விளக்கினேன். அவரிடம் வகிடு எடுத்த டோப்பா ஒன்றே ஒன்றுதான் இருந்தது. நாடகத்தில் வெள்ளைக்காரத் துரையாக வருகிறவன் போடுவது. அந்தத் துரையைப் பபூன் தினமும் தலையில் அடிப்பது ஜனங்களுக்குப் பிடித்த கட்டம்; அதனால் டோப்பா நன்றாகப் படிந்து, அமுங்கி, சாதுவாக இருந்தது. நிறம்தான் செம்பட்டை. விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துப் பூசித் தருவதாகச் சொன்னார். வேர்க்காமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

டைட்டஸ் அதைத் தலையில் வைத்தான். அது கோரைக் காட்டின் உச்சியில் போய் உட்கார்ந்தது, தென்னை மரத்து மட்டையில் மாட்டிக்கொண்ட குடையைப்போல. அமுக்கினோம். கையை எடுத்ததும் எழும்பிவிட்டது. டோப்பா உட்கார வேண்டுமானால் கீழே உள்ளது போக வேண்டும்.

இங்கே ஒரு சிறு குழப்பம் எனக்குள் எழுந்ததை மறைக்கவில்லை. முடி அதிகமாக இருப்பதால் வகிடு வரவில்லை. வகிடு வராததால் டோப்பா. டோப்பா உட்காராததால் முடியை மழிக்க வேண்டும். மழித்த தலையில் முடி இருப்பதாகக் காட்ட டோப்பா. இதைத் தலைவரிடம் கேட்டேன். "நாகரிகம் என்றால் கொஞ்சம் சுற்றுவழிதான்" என்றார். தெளிந்தேன்.

சகாயம் காலையில் ஆரம்பித்து மத்தியானச் சோற்று நேரத்துக்கு முடித்தார். இடையில் கத்தியைத் தீட்டுவதற்கே பாதி நேரம் போயிற்று. முடித்துவிட்டுச் சாக்கு ஒன்றைக் கொண்டுவந்து வாரி அடைத்து, யாருக்காவது மெத்தை தைக்க வேண்டுமா என்று கேட்டார்.

வீட்டுக்குப் போனதும் நேசம்மாள் மகனைப் பார்த்தாள். கண்ணீர் பொலபொலவென்று உதிர்ந்தது.

"எனக்க மக்களே, நீ பொறந்த அன்னைக்குக்கூட இப்படி மொட்டையா இல்லியே. மருத்துவச்சி உனக்க முடியப் பாத்துல்லா பயந்து போனா" என்றாள்.

"விடும்மா. முடிதான" என்றான் டைட்டஸ். ஆனால் கை தன்னை அறியாமல் தலைக்குப் போய், பிடிக்க ஒன்றும் இல்லாமல் கீழே இறங்கியது.

மூன்றாம் ஞாயிறு வந்தது. இன்றைக்கு ஓலை வாசித்து முடிந்தால் கிரேசி அவனுக்கு. தவறினால் கொல்லத்து ஏஜெண்டுக்கு. டைட்டஸ் சீக்கிரமே வந்து பாடகர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். டோப்பா அமைதியாக உட்கார்ந்திருந்தது. தேனீ கொட்டிய வீக்கமும் வற்றிவிட்டது. இடது வகிடு. இரு பக்கமும் பணிந்த முடி. பாடகர்கள் பாடியபோது அவன் வாயை மட்டும் அசைத்தான். பெரிதாகத் திறந்தால் டோப்பா பின்னால் நகரும் என்று பகவதியப்பன் எச்சரித்திருந்தார். ஜெயசிங் பாட்டுப் பலகையைத் தாராளமாகப் பார்த்து, சரியான பாட்டைத் தவறான ராகத்தில் பாடினார்.

போதகர் ஓலையை வாசித்தார். "தடை எதையாவது அறிந்தவர்கள் உண்டானால், இப்போதே சொல்லக் கடவர்கள்" என்றார்.

இந்தக் கேள்வி எங்கள் கோயிலில் எத்தனையோ ஓலைக்குக் கேட்கப்பட்டிருக்கிறது. பதில் வந்தது அன்றைக்குத்தான். தேவகனி எழுந்தார்.

"ஐயா, ஒரு தடை உண்டு" என்றார்.

தேவகனி கைகட்டி, வெகு பணிவாகப் பேசினார். முதல் ஓலையில் டைட்டஸ் என்று எழுந்து நின்ற ஆளை அவர் பார்த்திருக்கிறார். இரண்டாம் ஓலையிலும் அதே ஆளைப் பார்த்து, தம் கையாலேயே தலை வாரியிருக்கிறார். இப்போது எழுந்து நிற்பவர் யார் என்று தெரியவில்லை. ஒருவன் பெயருக்கு ஓலை வாசித்து இன்னொருவனுக்குப் பெண்ணைக் கொடுக்கச் சபை சம்மதிக்குமா? கருப்பட்டிக்கு நேர்ந்த அவமானத்தால் அவர் இப்படிப் பேசினார் என்று பின்னால் சிலர் சொன்னார்கள். நான் அதை நம்பவில்லை. எனக்கே அந்த நிமிஷம் சந்தேகம் வந்துவிட்டது.

"நான் டைட்டஸ்தான்" என்றான் டைட்டஸ்.

"அத நீ சொன்னாப் போதுமா? எவனும் அப்படித்தான சொல்லுவான்" என்றார் தேவகனி.

நேசம்மாள் பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து, தன் மகன்தான் என்று அழுதாள். சொந்தக்காரர் சாட்சி செல்லாது என்று தலைவர் தீர்ப்புச் சொன்னார். சட்டம் தெரிந்தவர் கையில் சபை இருப்பது எவ்வளவு பாதுகாப்பு. பாடச் சொல்லிக் குரலைப் பார்க்கலாம் என்று யாரோ யோசனை சொன்னார்கள். டைட்டஸ் பாடினான். பயத்தில் ஆட்டுக்குட்டி கத்துவதுபோல் வந்தது. வழக்கு இன்னும் மோசமாயிற்று.

வேறு வழியில்லாமல் அவன் டோப்பாவைக் கழற்றினான். மொட்டைத் தலை வெளியே வந்தது.

தேவகனி நிதானமாகப் பார்த்தார். "இப்ப இது மூணாவது ஆளு" என்றார்.

கமிட்டி அங்கேயே, பெஞ்சிலேயே கூடியது. விவரம் தெரிந்த எங்கள் தலைவர் கேள்வியைச் சுருக்கினார். முடியைத் தவிர, இவன் டைட்டஸ் என்பதற்கு வேறு அங்க அடையாளம் யாருக்காவது தெரியுமா?

சபை உபதேசியார் யோசித்தார். சின்ன வயதில் அவனுக்கு எழுத்தறிவித்தவர் அவர்தான்; டைட்டஸ் என்றாலே தமக்கு முடிதான் கண்ணில் வருகிறது என்றார். தலைவர் வருஷக்கணக்காக அவனுக்கு நேர் பின்னால் உட்கார்ந்தவர்; பிடரியைக் காட்டினால் சொல்லலாம், அதுவும் முடி இருந்தால் என்றார். நான் அவனோடு ஒரே குளத்தில் குளித்து, ஒரே மாமரத்தில் கல்லெறிந்தவன். அவனை நேருக்கு நேராகப் பார்த்தேன். அவனும் என்னைப் பார்த்தான். அந்தக் கண்ணை இதற்கு முன்னால் எங்கேயாவது கண்டிருக்கிறேனா என்று சத்தியமாகச் சொல்ல முடியவில்லை.

ஒரு அடையாளமும் தேறவில்லை. ஆகவே தலைவர் முடிவை அறிவிக்கத் தொண்டையைச் செருமினார். வாசித்த ஓலைகள் ரத்து. இந்த ஆளின் தலையில் முடி பழையபடி வளர்ந்து, அது டைட்டஸின் முடிதான் என்று கமிட்டிக்குத் திருப்தியானால், முதல் ஓலையிலிருந்து மறுபடி ஆரம்பிக்கலாம். அதற்குள் கொல்லத்திலிருந்து...

"அது டைட்டஸ்தான்" என்று பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது.

கிரேசி எழுந்து நின்றாள். கல்யாணமாகாத ஒரு பெண் கோயிலில் எழுந்து பேசுவது சீத்தாவிளையில் அதற்கு முன் நடந்ததில்லை.

"ஏட்டி, இரி" என்று உட்காரச் சொன்னார் ஜெயசிங்.

"இருக்கியேன்ப்பா. சொல்லிட்டு இருக்கியேன்." அவள் டைட்டஸின் பக்கம் விரலை நீட்டினாள். "எடது புருவத்துல பாதியில ஒரு கீறலு உண்டு. அங்க முடி மொளைக்காது. தாடைக்கு அடியில ஒரு மச்சம் இருக்கு, நிமுந்தாத்தான் தெரியும். வலது காது எடது காதவிடக் கொஞ்சம் சின்னது. பயம் வந்தா மூக்கு நுனி மட்டும் வேர்க்கும், வேற எங்கயும் வேர்க்காது. இப்ப பாருங்க."

சபை முழுவதும் ஒன்றாகத் திரும்பி டைட்டஸின் மூக்கைப் பார்த்தது. நுனியில் முத்து முத்தாக வியர்வை நின்றது. புருவத்தில் கீறல் இருந்தது. போதகர் இறங்கி வந்து, அவன் மோவாயை விரலால் நிமிர்த்தினார். மச்சம் இருந்தது. காதுகளைத் தேவகனி இருபுறமும் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "சின்னதுதான்" என்று ஒப்புக்கொண்டார்.

ஜெயசிங்கிடம் இன்னும் ஒரு கேள்வி மீதி இருந்தது. ஆள் டைட்டஸ் என்றே வைத்துக்கொள்வோம். வகிடு எங்கே? தீர்மானம் தீர்மானம்தானே?

போதகர் டைட்டஸின் மொட்டைத் தலையைப் பார்த்தார். "இந்தத் தலையில வகிடு கோணலா இருக்குன்னு நிரூபிக்க உங்களால முடியுமா?" என்று கேட்டார்.

தலைவர் யோசித்தார். முடியவில்லை. தடை தள்ளப்பட்டது. ஓலை நிறைவேறியது. டைட்டஸ் உட்கார மறந்து நின்றுகொண்டே இருந்தான். கிரேசி முக்காட்டை முன்னால் இழுத்துக்கொண்டு தலை குனிந்து உட்கார்ந்தாள். முக்காட்டுக்குள் அவள் சிரித்தாளா அழுதாளா என்று பெண்கள் பக்கத்தில் இருந்த என் மனைவிக்கு இன்றைக்கும் நிச்சயமில்லை.

குறித்த தேதியில் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளையின் தலையில் அரை விரற்கடை முடி முளைத்திருந்தது. அதுவும் நேராக மேலே பார்த்துக்கொண்டுதான் இருந்தது.

இத்துடன் விஷயம் முடிந்ததென்று நினைத்தால் நீங்கள் எங்கள் கமிட்டியை அறியாதவர்கள். கல்யாணத்துக்கு மறுநாள் விசேஷக் கூட்டம் நடந்தது. விவாகத்துக்கு முன்பே மணமகனின் புருவம், தாடை, காது, மூக்கு ஆகியவற்றை ஒரு பெண் இவ்வளவு நுட்பமாக எப்படி அறிந்தாள் என்ற கவலைக்குரிய விஷயம் பரிசீலிக்கப்பட்டது. அவளை வரவழைத்துக் கேட்டோம். "பாத்தேன்" என்றாள். எங்கே, எப்போது என்று தலைவர் கேட்டார். "கோயிலுலதான். உங்க எல்லாருக்கும் முன்னாலதான இருந்தாரு" என்றாள்.

கடைசியில் கமிட்டி ஏகமனதாக முடிவு செய்தது. ஆராதனை வேளையில் ஒரு மனிதனின் முகத்தை உற்றுப் பார்த்த குற்றத்துக்காகக் கிரேசிக்குக் கண்டிப்பான எச்சரிக்கை வழங்கப்படுகிறது. அப்படிப்பட்ட குற்றம் எதையும் ஒருபோதும் செய்யாத மற்ற சபையார் அனைவருக்கும் பாராட்டுத் தெரிவிக்கப்படுகிறது.

பாராட்டுப் பெற்றவர்களில் முதலாவதாக நான் கையெழுத்துப் போட்டேன்.